கரடிகளும் கூண்டுகளும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. குள்ளர்களின் கோட்டையைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டான டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் புதுக் கோட்டை தொடங்கி, முதல் ஆண்டிலேயே யானை ஜோடி ஒன்றைக் கூண்டுப்பொறியில் பிடித்துவிட்டாய் என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 2006இல் ஆடம்ஸ் சகோதரர்கள் வெளியிட்ட இந்த விளையாட்டை வெறும் எழுத்துக்குறிகளாகவே பார்த்துப் பழகிய நமக்கு, 2022 டிசம்பரில் வந்த படங்களுடன் கூடிய பதிப்பில் யானையை யானையாகவே காண்பது பெரிய விஷயம்தான்.

பிடித்ததை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். முதலில், அவசரப்பட்டுத் திறந்துவிடாதே. கூண்டுக்குள் இருக்கும் வரை மேயும் விலங்குக்குப் புல் தேவையில்லை. வெளியே வந்தால் யானைக்கு ஏராளமான புல் வேண்டும். மேய்ச்சல் நிலத்தைத் தாராளமாக ஒதுக்கிய பிறகு திறப்பதே நல்லது. பழக்கும் வேலையைக் கூண்டில் வைத்தே தொடங்கலாம். அதற்குப் பயிற்சிக்கென ஓரிடமும், ஒரு பயிற்சியாளரும், அந்த விலங்கு உண்ணும் உணவும் இருந்தால் போதும்.

ஆனால் பழக்கியதோடு வேலை முடிவதில்லை என்பதை நான் ஒரு உயிரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சென்ற கோட்டையில் கிரிஸ்லி கரடிகள் இரண்டைப் பழக்கி, உணவுக்கூடத்தை ஒட்டிய முற்றத்தில் விட்டிருந்தேன். 'யாரேனும் ஒரு பயிற்சியாளர்' என்று விடாமல், மிகத் திறமையானவள் என்பதால் ஒருத்தியை மட்டும் குறிப்பிட்டு நியமித்திருந்தேன். கோப்ளின்கள் என்ற எதிரிக் கூட்டம் முற்றுகையிட்டபோது அவளையும் படையில் சேர்த்தேன். முற்றுகை முடிந்த பிறகும் விடுவிக்க மறந்துவிட்டேன். காட்டிலிருந்து பிடித்த விலங்கின் பழக்கம் தொடர்ந்து பயிற்சி இல்லாவிட்டால் படிப்படியாகத் தேய்ந்துபோகும். விலங்குகளின் பட்டியலில் கரடிகளின் பழக்க நிலை ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்ததை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. ஒருநாள் பெண் கரடி மீண்டும் காட்டு விலங்காகி, பீப்பாய் சுமந்து சென்ற சாராயம் காய்ச்சுபவனை வாசலிலேயே அடித்துக் கொன்றது. கரடியின் மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. கவனிக்காமல் விட்டது நான்தான்.

ஆண் கரடியைக் கூண்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கோட்டையில் மறுபடி ஒரு ஜோடி பிடித்து, கூண்டிலேயே பழக்கி, இரண்டு குட்டிகளும் பிறந்துவிட்டன. பெரியவை எத்தனை பழகினாலும் முழு வீட்டு விலங்காக மாட்டா; குட்டிகளைச் சிறு வயதிலேயே பழக்கினால் பிறகு காட்டுக் குணத்துக்குத் திரும்புவதில்லை. அதனால் இப்போது என் கவனமெல்லாம் அவற்றின் மீதுதான். எந்தப் பயிற்சியாளர் ஓய்வாக இருந்தாலும் போகும்படி விட்டிருக்கிறேன், பயிற்சியாளர் எவரையும் படையில் சேர்ப்பதில்லை.

உன் யானைகளுக்கும் இதையே செய். குட்டி பிறந்ததும் எழுது; மேய்ச்சல் நிலத்தை எவ்வளவு அகலமாக ஒதுக்கினாய் என்பதையும் தெரிவி.

அன்புடன்,
சேகர்