இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் நேற்று இரவே பார்த்துவிட்டேன். நீ வாங்க நினைப்பது 2006ஆம் வருடத்து பி.எம்.டபிள்யூ எம்5. 5 லிட்டர், 10 சிலிண்டர், 507 குதிரைசக்தி. "ஒரு சாதாரண புதுக் காரோட விலைக்கே கிடைக்குதுப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது. வெளியே பார்த்தால் நாலு கதவுள்ள அடக்கமான குடும்ப வண்டி, உள்ளே பந்தய வண்டிக்குரிய இன்ஜின் என்கிற அந்தச் சேர்க்கையின் மேல் எனக்கு இளம்வயதிலிருந்தே மோகம் உண்டு. 1968இல் மெர்சிடிஸ் தன்னுடைய பிரம்மாண்டமான 600 லிமோசினின் 6.3 லிட்டர் இன்ஜினை எடுத்து, அதைவிடச் சிறிய செடானுக்குள் பொருத்தி விற்றதே, அந்தக் கதையை முதன்முதலில் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. பிற்பாடு நானே அந்த வகையில் ஒரு பழைய வண்டியை வாங்கி ஒன்பது வருடம் ஓட்டினேன். நீ பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டு வருவாய். அந்த வண்டி மெதுவாகப் போகும்போது இருந்த அமைதியை வேறெந்த வண்டியிலும் நான் உணர்ந்ததில்லை.

ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. விலை இறங்கியிருப்பது வண்டிக்கு மட்டும்தான் கண்ணு. அதன் பிரேக் டிஸ்க்குக்கு இறங்கவில்லை, கிளட்ச்சுக்கு இறங்கவில்லை, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவரின் கூலிக்கும் இறங்கவில்லை. சாதாரண வண்டியின் விலைக்கு வாங்குவாய், புதிதில் அதை வாங்கியவர் செலவழித்த அளவுக்கே பராமரிப்புக்குச் செலவழிப்பாய். யானையை வாங்குவது வேறு, கட்டித் தீனி போடுவது வேறு. அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதே. மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வை. முதல் வருடம் முழுவதும் அது வண்டிக்கென்றே இருக்கட்டும். அப்படி வைக்க முடியாதென்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திரு.

நான் அப்படி வைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். என் வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்தான் வண்டியைத் தாங்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் இடதுபக்கப் பின்மூலை மட்டும் டயரின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நிமிடத்தில் தானாக எழுந்து நின்றுவிட்டது. காற்றுப் பையின் ரப்பரில் சின்ன வெடிப்பு. பை ஒன்றை மாற்றினால் தீர்ந்திருக்கும். பணம் இல்லாததால், எழுந்துதானே நிற்கிறது என்று நான்கு மாதம் ஓட்டினேன். கசிந்துபோகும் காற்றை நிரப்ப, காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி ஓடி, கடைசியில் அதுவும் கருகிவிட்டது. பைக்கும் கொடுத்தேன், கம்ப்ரஸருக்கும் கொடுத்தேன்.

இனி நீ பார்த்திருக்கும் வண்டி. அந்த 10 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் முதலில் தேய்வது கனெக்டிங் ராட் பேரிங், பிஸ்டனின் தண்டு கிராங்க்ஷாஃப்ட் என்கிற சுழலும் அச்சைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் உலோகப் பட்டை. இந்த இன்ஜினில் அதைத் தேய்ந்தால் மாற்றவேண்டிய பொருளாகவே நினைத்துக்கொள், பிரேக் பேடைப் போல. விவரம் தெரிந்தவர்கள் சத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை, முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். விட்டுவிட்டால் கிராங்க்ஷாஃப்ட்டையும் கெடுத்துவிடும், அப்புறம் இன்ஜினே போய்விடும். விற்பவரிடம் நீ கேட்கவேண்டிய முதல் கேள்வி, "பேரிங் மாற்றிய பில் இருக்கா?" மாற்றியாச்சு என்று வாயால் சொன்னால் போதாது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் வைத்து, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்.

இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலைத் திறக்கும் மோட்டார்கள் (ஆக்சுவேட்டர்கள்) இரண்டும் இதில் அடிக்கடி பழுதாகும். இந்த வண்டியில் இருக்கும் எஸ்.எம்.ஜி என்கிற கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப்பும் அப்படித்தான். அந்தக் கியர்பாக்ஸ் உண்மையில் கிளட்ச்சை இயந்திரமே மிதிக்கும் மேனுவல்தான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சீக்கிரம் தேயும். நீ தினமும் வேலைக்குப் போகும் வழி நெரிசலான வழியென்றால், இதை விட்டுவிட்டு சாதாரண ஆட்டோமேட்டிக் உள்ள வண்டி ஒன்றைத் தேடலாம் என்பது என் எண்ணம். அப்படித் தேடினால், "கியர் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று யாராவது சொல்வார்கள், நம்பாதே. கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல்நாளே சொல்லிவிடு. போனதும் முதல் வேலையாக பானட்டின் மேல் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. என் வண்டியை நான் பார்க்கப் போனபோது, "உங்களுக்காக ரெடியா ஓட்டி வச்சிருக்கேன்" என்றார் விற்றவர். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். வாங்கி வந்த மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணினால், பின்னால் சுவரையே மறைக்கும்படி நீலப்புகை. வால்வுகளைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போய், இரவெல்லாம் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. சூடான இன்ஜினில் அது துளியும் தெரியவில்லை.

ஒரு நல்ல மெக்கானிக்கையும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரையும் கூட்டிக்கொண்டு போ. பிழைக் குறியீடு ஒன்றும் இல்லையென்று காட்டினால் உடனே சந்தோஷப்படாதே. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல். அவை முடியாமல் இருந்தால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் வருடத்தின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரே அச்சில் இரண்டு டயரும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால், முன்பு வைத்திருந்தவருக்கு வண்டியின் செலவு கையை மீறிப்போய்விட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். டயரிலேயே மிச்சம் பிடித்தவர் ஆயிலில் எப்படியோ.

குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பதில் மயங்காதே. வருடக்கணக்காக நின்ற வண்டியில் ரப்பரெல்லாம் காய்ந்திருக்கும். நிறைய ஓடி, கட்டுக்கட்டாக பில் உள்ள வண்டிதான் என் கண்ணுக்கு நல்ல வண்டி. பில்களைத் தேதிவாரியாக அடுக்கு. நடுவில் இரண்டு வருடம் ஒன்றுமே இல்லையென்றால், அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்கவேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். 10டபிள்யூ-60 என்கிற தரத்து இன்ஜின் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதே. கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்று. மாற்றும்போது கொஞ்சம் மாதிரி எடுத்து ஆயில் பரிசோதனைக்கு அனுப்பினால், ஈயமும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்வார்கள். பேரிங் தேய்வது அதில்தான் முதலில் தெரியும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்று. காலையில் கிளம்பியதும் அழுத்தாதே. சுற்றுமானியின் விளிம்பில் எச்சரிக்கை விளக்குகள் எரியும், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து மேலே போகும். இன்னும் எரியும் விளக்குகள் தொடங்கும் இடத்துக்கு மேல் முள்ளை ஏற்றாதே.

இன்னொன்று. அந்த வண்டி ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் 400 குதிரைசக்தியில்தான் எழும். முழு 507 வேண்டுமென்றால் ஒரு பட்டனை அழுத்தவேண்டும். முதல் ஆறு மாதம் அந்தப் பட்டனைத் தொடாதே. ஈரமான சாலையில், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை ஒருபோதும் அணைக்காதே. நீ நன்றாக ஓட்டுவாய், எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு முன் உன் காலடியில் இவ்வளவு பலம் இருந்ததில்லை. இரவில் நீ அதை ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால் எனக்குத் தூக்கம் வராதும்மா.

பார்க்கப் போகும் நாளை முடிவு பண்ணியதும் சொல். பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எனக்கு போன் பண்ணி, போனைப் பின்பக்க சைலன்ஸருக்குக் கிட்டே பிடி. முதல் பத்து விநாடிச் சத்தத்தை நானும் கேட்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா