தெரபி அறைக்குள் எங்களையும் உட்கார விடுங்கள்

பயிற்சி மைய நிர்வாகிகளுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்களுக்கும் வணக்கம்.

தெரபி அறைக் கதவில் போன வாரம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். "செஷன் நடக்கும்போது பெற்றோருக்கு அனுமதி இல்லை." அம்மாவைப் பார்த்துவிட்டால் சில பிள்ளைகள் மடியை விட்டு இறங்காது, சரி. அதற்காக எல்லாப் பெற்றோரையும் எல்லா நாளும் வெளியே உட்கார வைப்பதா?

என் மகனின் ரிப்போர்ட்டில், "'இன்னும் வேண்டும்' என்று சைகையில் தானாகவே கேட்கிறான், இலக்கு நிறைவேறியது" என்று எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சிதான். அது என்ன சைகை என்று மட்டும் அதில் இல்லை. வீட்டில் அவன் இரண்டு கை விரல்நுனிகளையும் குவித்து, ஒன்றோடு ஒன்று தட்டிக்கொண்டே எங்கள் முன்னால் வந்து நிற்பான். ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்தோம். காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு விரல்களை அப்படித் தட்டுவான். சாப்பிட்டு முடித்துவிட்டான் என்று தட்டை எடுத்துக் கழுவப் போடுவோம். அப்புறம் அழுகை, சுவரில் தலையை மோதுவது. அடுத்த ரிப்போர்ட்டில் "வீட்டில் பிடிவாதம் அதிகம்" என்று வந்தது. முறையாகக் கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதற்குப் பெயர் பிடிவாதமா? கடைசியில் அந்தச் சைகைக்கு அர்த்தம் சொன்னது உங்கள் மையம் அல்ல, காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளையின் பாட்டி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு செஷனிலும் கடைசிப் பத்து நிமிடம் எங்களை உள்ளே கூப்பிட்டு, அன்றைக்குப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததை எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வாரத்தின் 168 மணி நேரத்தில் உங்களிடம் அவன் இருப்பது ஒன்றரை மணி நேரம். சாப்பாடு, குளியல், விளையாட்டு எல்லாம் வீட்டில்தான். அவனுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருப்பதும் அங்கேதான். ஒன்றைக் கேட்டுவிட்டு அவசரப்பட்டு நாமே பதில் சொல்லாமல் காத்திருப்பது, பிடித்த பொம்மையைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது, பேச்சுக்குப் பதிலாகப் பிள்ளை காட்டிக் கேட்கிற படத்தைத் தொட்டுக்கொண்டே நாமும் பேசுவது. இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால் வரும். "வீட்டில் பயிற்சி கொடுக்கவும்" என்ற ரப்பர் ஸ்டாம்பில் வராது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது: 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. அதை நடத்த நிபுணர்தான் வேண்டும் என்றுகூட இல்லை. உங்களிடம் நிபுணர்கள் இருக்கிறார்கள். நாங்களோ பிள்ளையை இறக்கிவிட்டு ஏற்றிப்போகும் டிரைவர்களாக இருக்கிறோம்.

இதற்கிடையில், சைகையிலோ படம் காட்டியோ கேட்கப் பழக்கினால் பேச்சே வராது என்று பயமுறுத்துகிறவர்கள் வேறு. மில்லர், லைட், ஷ்லோசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இப்படிப் பழக்கப்பட்டவர்களில் உறுதியான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. இதை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது யார்? காத்திருக்கும் இடத்தில் டிவி மாட்டியிருக்கிறீர்கள், நன்றி. உள்ளே நடப்பதை அதில் காட்டியிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் பார்த்ததும் அழுகிற பிள்ளையாக இருந்தால் செஷனை வீடியோ எடுத்துக் காட்டினாலும் போதும். மற்றவர்களுக்குக் கதவைத் திறந்து, அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தாருங்கள் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெளியே காத்திருக்கும் பெற்றோரில் ஒருவர்