அணிலுக்கும் பன்றிக்கும் ஒரே குண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் அமெரிக்கர்களின் கைத்துப்பாக்கி வேட்டை பற்றிய கட்டுரையைப் படித்தேன். குழிமுனைக் குண்டு (முனையில் குழி உள்ளது, பட்டதும் விரியும்) எந்த விலங்குக்கும் ஏற்றது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் எழுதியவர். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். பன்றி இறங்கிக் கன்றுகளைக் கிளறிப் போட்டால் தோட்டத்துக் கணக்கர் கிராணியார் சினாப்பாங்கோடு, அதாவது ரவைத் தோட்டா போடும் நீளத் துப்பாக்கியோடு, கிளம்புவார். தோட்டாப் பை என் தோளில். பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா, உள்ளே பெரிய ரவைகள். ஒருநாள் காட்டுக்கோழிக்கும் அதையே நீட்டினேன். “இறகைத்தான்டா வீட்டுக்குக் கொண்டு போவே” என்று தலையில் தட்டினார்.

பல வருஷம் கழித்து டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டைக்காரர். இரண்டு தடவை கூடப் போனேன், வேடிக்கை பார்க்க மட்டும். அணிலுக்கு அவர் எடுத்தது பாயின்ட் 22 பிஸ்டல் (எண் ஏறக்குறைய குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்). அங்கத்து அணில் கொழுகொழுவென்று இருக்கும், வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அதற்கு 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான, முனை உருண்ட கெட்டி ஈயக் குண்டு. குறி தலைக்கு. குழிமுனைக் குண்டு உடம்பில் பட்டால் விரிந்து கறியைக் கூழாக்கிவிடும், சட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. வானத்தைப் பின்னால் வைத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த அணிலை அவர் சுடவே இல்லை. தவறினால் இந்தச் சின்னக் குண்டே ஒரு மைலுக்கு மேல் போகுமாம். அணில் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் விசையைத் தொட்டார்.

பன்றி என்றால் கதையே வேறு. கிடா பன்றியின் தோள்பட்டையில் தோல் கேடயம் மாதிரி தடித்திருக்கும். அதற்கு அவர் எடுத்தது பாயின்ட் 357 மேக்னம் ரிவால்வர், 1935-இல் வந்த ரகம். 125 கிரெய்ன் குழிமுனைக் குண்டு பெரும்பாலும் தற்காப்புக்கு வாங்குவது. வேகமாய்ப் போய்ச் சட்டென்று விரியும். ஆழம் போகாமல் நின்றுவிடலாம். அப்புறம் காயம்பட்ட பன்றியைப் புதரில் தேடி அலைய வேண்டும். ரத்தச் சுவட்டின் பின்னால் இருட்டும்வரை நடந்திருக்கிறேன், அதைச் சாமர்த்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர் போட்டது 158 கிரெய்ன், தட்டை முனை, கடின ஈயம். எலும்பைத் தாண்டி நுரையீரல்வரை போக வேண்டும் என்பது கணக்கு. ஐம்பது மீட்டருக்கு அப்பால் அவர் முயற்சியே செய்யவில்லை.

அதே ரிவால்வரில் பாயின்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவும் போகும்; பெயர்தான் வேறு, குண்டின் குறுக்களவு ஒன்றே. முயலுக்கு 148 கிரெய்ன் தட்டைமுகக் குண்டு. காகிதத்தில் துளை போட்ட மாதிரி வெட்டும், கறி கெடாது. (பாயின்ட் 38 ரிவால்வரில் 357 தோட்டா போகாது, நீளம் அதிகம்.) குழிமுனை ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தோல் மெல்லிய மானுக்குக் கிட்டத்திலிருந்து 158 கிரெய்ன் குழிமுனை சரி. அணிலுக்கு எடுத்த அந்தப் பாயின்ட் 22-ஆல் மானைச் சுட டெக்சாஸ் சட்டமே விடாது. கலிபோர்னியாவிலோ 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, செம்பு மாதிரி ஈயமில்லாததுதான்.

கட்டுரையைப் படித்துவிட்டு நம் பையன்கள் யாராவது ஆசைப்படலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். இங்கே மலேசியாவில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பன்றி வேட்டைக்குச் சினாப்பாங்தான். அதற்குப் போலீஸ் உரிமம் ஒன்று, பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமம் ஒன்று.

இன்னொன்று. கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் என்று நீங்கள் போட்ட படத்தில் இருப்பவை சினாப்பாங் தோட்டாக்கள். சிவப்புப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாலே தெரியும். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்.

பழைய லயவாசி,
நிபோங் திபால், பினாங்கு