செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டின் பெரும்பணியான பாதசாரிகள் கணக்கெடுப்பைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

ஆளை எதற்கு எண்ண வேண்டும், விபத்து அதிகம் நடக்கும் சந்திப்பே ஆபத்தானது என்று உறுப்பினர்கள் சிலர் வாதிட்டார்கள். ஆயிரம் பேர் கடக்குமிடத்தில் நான்கு விபத்து, நூறு பேர் கடக்குமிடத்தில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடக்கிற ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து இரண்டாவது இடத்தில்தான் அதிகம், அதுவும் ஐந்து மடங்கு. ஆளை எண்ணாமல் விபத்தை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

தன்னார்வலர்கள் சந்திப்புகளில் நின்று 15 நிமிடத்துக்கு ஒரு வரியாகக் குறித்தார்கள். நடைபாதையோடு போகிறவர்களை விட்டுவிட்டு, சாலையைக் கடப்பவர்களை மட்டும் எண்ணினோம். கோடு போட்ட இடத்தை விட்டு, இருபுறமும் 50 மீட்டருக்குள் குறுக்கே ஓடுகிறவர்களும் இதில் சேர்த்தி. சொல்லப்போனால் அவர்களே முக்கியம். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கட்டம் வைத்ததில் எண்ணியவர்களுக்குச் சலிப்புதான். இருந்தாலும் அது வேண்டும்.

ஆட்களை எண்ணக் கருவி வாங்கலாமே என்ற யோசனையைச் செயற்குழு ஒத்திவைத்தது. அகச்சிவப்புக் கருவி இரவு பகல் உழைக்கும். ஆனால் தோளோடு தோள் உரசிப் போகும் மூவரை ஒருவராக எண்ணிவிடும். சாலையைக் கடக்க அழுத்தும் சிக்னல் பொத்தானின் கணக்கும் ஆட்கணக்கு ஆகாது. எதை வைத்தாலும் சில மணி நேரம் நேரில் எண்ணித் திருத்தியாக வேண்டும்.

ஓரிடத்தில் கடக்குமிடம் தேவையா என்று பார்க்க, நெரிசல் மிகுந்த நான்கு மணி நேரத்தின் சராசரியை எடுத்து, மணிக்குக் கடப்பவர்களின் எண்ணிக்கையை வாகன எண்ணிக்கையின் இருபடியால் பெருக்குவது பழைய முறை. 300 பேர், 600 வாகனங்கள் என்றால் 10.8 கோடி. நடுத்திட்டு இல்லாத சாலையில் 10 கோடியைத் தாண்டினால் கடக்குமிடம் கோரலாம் என்பார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. வாகன வேகம் இதில் வரவில்லை. பயந்துபோய் ஒருவரும் கடக்காத சாலைக்குப் பூஜ்யம் போட்டுவிடும்!

கடப்பவர்கள் கூடினால் விபத்தும் அதே அளவில் கூடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு தகவல். நடப்பவர்கள் இரட்டித்தால் காயங்கள் ஏறத்தாழ 32 விழுக்காடே உயரும் என்று 2003-இல் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் கணித்தார்.

வரும் ஆண்டில், சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறவர்களிடம் காரணம் கேட்கவும், திடீர் பிரேக், நூலிழைத் தப்பல் போன்றவற்றைத் தனிப் படிவத்தில் குறிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்