40 வீதம் என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்ததா?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் கூடைப்பந்தாட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி சொல்ல எழுதத் தொடங்கியவன்தான், அந்த ஒரு வரி விடவில்லை. எறிந்ததில் 40 வீதம் மட்டுமே கூடைக்குள் போடும் பொயின்ட் கார்டை (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) கடைசிக் கால்பகுதி முழுவதும் ஆட விட்டு, 58 வீதம் போடும் சென்டரை (கூடையடியில் ஆடுபவர்) வாங்கில் இருத்தினார்களாம். பயிற்றுவிப்பாளருக்குக் கணக்கு வராதாம். யாருக்குக் கணக்கு வராது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அச்சில் வந்த பழிக்கு அச்சிலேயே பதில் வருவதுதான் மரியாதை.

அந்த இரு வீதங்களும் "உத்தியோகபூர்வ ஸ்கோர் தாளின்படி" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஸ்கோர் மேசையில் இருந்து பழகியவர்கள் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். சர்வதேச சம்மேளனத்தின் ஸ்கோர் தாளில் தவறிய ஷொட்டுக்கு இடமே கிடையாது. கூடை விழுந்தால் அணியின் ஓடும் மொத்த எண்ணில் ஒரு சாய்கோடு, பக்கத்தில் வீரரின் இலக்கம். மூன்று புள்ளி என்றால் அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் பவுலுக்கு, அதாவது விதிமீறலுக்கு, தடுப்பாரின்றிக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிவு) என்றால் நிரப்பிய வட்டப் பொட்டு. விழாதது எதுவும் அங்கே பதியப்படுவதில்லை. எத்தனை எடுத்தார் என்பது இல்லாத தாளிலிருந்து வீதம் எப்படி வந்தது? பக்கத்தில் யாரோ தனித்தாளில் கோடு போட்டு எண்ணியிருக்க வேண்டும். அப்படி எண்ணிய தாள் ஒன்று என் கையிலும் இருக்கிறது.

அதன்படி, கார்ட் 15 ஷொட் எடுத்து 6 போட்டார். அந்த 15 இல் 9 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, விழுந்தது 4. ஃப்ரீ த்ரோ 8 இல் 7. மொத்தம் 23 புள்ளி. சென்டர் 12 எடுத்து 7 போட்டார், எல்லாம் கூடைக்குக் கீழே. ஃப்ரீ த்ரோ 6 இல் 1. மொத்தம் 15 புள்ளி. 40 உம் 58 உம் சரிதான். ஆனால் அந்த வீதத்துக்கு மூன்று புள்ளிக் கூடையும் இரண்டு புள்ளிக் கூடையும் ஒன்று. ஃப்ரீ த்ரோ அதன் கண்ணிலேயே படாது. கிரிக்கெட்டில் சிக்ஸரையும் ஒற்றை ஓட்டத்தையும் "ஒரு அடி" என்று எண்ணித் துடுப்பாட்ட வீரருக்கு மதிப்பெண் போட்டால், உங்கள் கிரிக்கெட் நிருபர் மறுநாளே இராஜினாமாக் கடிதம் தருவார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது 1979-80 பருவத்தில், சர்வதேச சம்மேளனம் 1984 இல். கட்டுரையாளரின் கணக்கு அதற்கு முந்தியது.

முதல் திருத்தம் எளிது. விழுந்த கூடைகளோடு, அவற்றில் மூன்று புள்ளிக் கூடைகளின் எண்ணிக்கையில் பாதியைக் கூட்டி, எடுத்த ஷொட்டுகளால் வகுத்தால் வருவது எஃபெக்டிவ் வீதம். கார்டுக்கு 6 உடன் 2, அதை 15 ஆல் வகுத்தால் 53.3. சென்டர் அதே 58.3 தான். இன்னும் சென்டர்தான் மேலே. ஃப்ரீ த்ரோவையும் சேர்ப்பதுதான் ட்ரூ ஷூட்டிங் வீதம். எடுத்த ஷொட்டுகளுடன், எடுத்த ஃப்ரீ த்ரோக்களை 0.44 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்கி, மொத்தப் புள்ளியை அதனால் வகுங்கள். கார்டுக்கு 62.1 வரும், சென்டருக்கு 51.2. 18 வீதத்தால் முந்தியிருந்தவர் 11 வீதத்தால் பிந்திவிட்டார்.

0.44 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: எப்போதும் இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து அணியின் ஒரு தாக்குதல் வாய்ப்பைத் தீர்ப்பதாக இருந்தால் 0.5 என்றே போட்டிருப்பார்கள். பவுலோடு கூடையும் விழுந்தால் கிடைக்கும் மேலதிக ஒன்றும், நடத்தைக் குற்றமான டெக்னிக்கல் பவுலுக்கு வரும் ஒன்றும் புதிதாக வாய்ப்பு எதையும் செலவழிப்பதில்லை. அதனால் சற்றுக் குறைகிறது. அது என்.பி.ஏ. ஆட்டங்களிலிருந்து எடுத்த சராசரி, நம் சுற்றுப்போட்டிகளுக்கு வேதவாக்கல்ல. ஒவ்வொரு முறையும் எதற்காக ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனார் என்று குறித்து வைத்தால் பெருக்கலே தேவையில்லை.

எண்ணுவதிலும் பிழை வரும். ஷொட் எடுக்கும்போது பவுல் வாங்கி, பந்து விழாவிட்டால் அது ஷொட்டாக எண்ணப்படக் கூடாது. விழுந்தால் எண்ண வேண்டும். தட்டிவிடப்பட்ட ஷொட்டும், தவறித் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) விரலால் கூடையை நோக்கித் தட்டி விடுவதும் எடுத்த கணக்கில் சேரும். கால் மூன்று புள்ளிக் கோட்டைத் தொட்டிருந்தால் அது இரண்டு புள்ளி ஷொட்தான். கலரியில் இருந்து எண்ணுபவர்கள் பெரும்பாலும் பிழைவிடுவது முதலாவதில். விளைவு, அடிக்கடி பவுல் வாங்கும் வீரரின் வீதம் காரணமில்லாமல் இறங்கிப்போகும்.

உள்ளூர் உதாரணம் போதாதென்றால், 2014-15 என்.பி.ஏ. பருவத்தைப் பார்க்கலாம். டிஆண்ட்ரே ஜோர்டன் 71.0 வீதம், ஸ்டீபன் கரி 48.7 வீதம். கட்டுரையாளர் கையில் இருந்திருந்தால் கரியை வாங்கில் இருத்தியிருப்பார். ஜோர்டன் ஃப்ரீ த்ரோவில் 39.7 வீதம், கரி 91.4 வீதம். ட்ரூ ஷூட்டிங் பார்த்தால் இருவருக்கும் ஒரே 63.8. அந்தப் பருவத்தின் மிகப் பெறுமதியான வீரர் விருது கரிக்குத்தான் போனது என்பது தங்களுக்கு நினைவிருக்கும்.

பயிற்றுவிப்பாளர் சென்டரை இருத்திய காரணமும் இதற்குள்தான் கிடக்கிறது. ஒரு கால்பகுதியில் அணிக்கு நான்கு பவுல் ஆகிவிட்டால், அதன்பின் தடுக்கும்போது, ஷொட் எடுக்காதவர் மீது செய்யும் சாதாரணப் பவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. 6 இல் 1 போட்டவரைக் கடைசி நிமிடங்களில் களத்தில் விட்டால் எதிரணி வேண்டுமென்றே அவரைப் பிடித்து நிறுத்தும். இதைக் கணக்கு வராதவர் யோசித்திருக்க முடியாது.

இதைச் சொல்வதால் ட்ரூ ஷூட்டிங்கைக் கும்பிட வேண்டும் என்றில்லை. பந்தைப் பறிகொடுத்த கணக்கு அதில் இல்லை. 24 விநாடிக் கடிகாரம் தீரும் நேரத்தில் கையில் வந்து விழும் மோசமான ஷொட் யாருடையது, கூடைக்குக் கீழே சும்மா போடக்கூடிய பந்தை யார் கொடுத்தது என்பதும் இல்லை. சென்டரின் 7 இல் எத்தனை அந்தக் கார்ட் கொடுத்த பந்து என்று எண்ணிப் பார்த்தால் விவாதம் இன்னும் சுவாரசியமாகும். ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அதைவிட மோசம். உண்மையில் 36 வீதம் போடக்கூடியவர் 100 மூன்று புள்ளி ஷொட் எடுத்தாலே, வெறும் தற்செயலால் 31 க்கும் 41 க்கும் நடுவே எங்கும் நிற்கலாம். இங்கே எடுத்தது 9. அதில் ஒன்று வளையத்தில் சுற்றி வெளியே போயிருந்தால் 44 வீதம் 33 ஆகியிருக்கும்.

இந்தப் பக்கத்தில் இது முதல் தடவையும் அல்ல. சில மாதங்களுக்கு முன், நம் வீரர்களின் மூன்று புள்ளி வீதத்தை என்.பி.ஏ. சராசரிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பந்தி வந்தது. அங்கே கோடு நடுவில் 7.24 மீற்றர், இங்கே 6.75. அங்கே 48 நிமிடம், இங்கே 40. 2010 இல் நம் கோடு 6.25 இலிருந்து பின்னுக்குப் போனதைக் கவனிக்காமல் பழைய வீரர்களையும் இன்றையவர்களையும் ஒரே பட்டியலில் நிறுத்தியதும் இதே பக்கம்தான். பெண்கள் ஆட்டம் என்றால் வெற்றி தோல்வி மட்டும் ஒரு வரி. கூடைப்பந்தாட்ட இறுதிப்போட்டி என்ற தலைப்பின் கீழ், பின்பலகையே இல்லாத கம்பத்தடியில் வலைப்பந்தாட்ட அணி நிற்கும் படம் வந்ததையும் வாசகர்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டோம். திருத்தம் இன்னும் வரவில்லை.

கேட்பது பெரிதல்ல. வீரரின் பெயருக்குப் பக்கத்தில் வீதத்தை எடுத்துவிட்டு மூன்று சோடி எண்களைப் போடுங்கள்: 6/15, 4/9, 7/8. மொத்த ஷொட், அதில் மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ. ராசிபலனில் ஒரு ராசிக்கு ஒதுக்கும் இடத்துக்குள் ஓர் அணியே அடங்கிவிடும். மிச்சக் கணக்கை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். எண்ணுவதற்கு ஆள் இல்லையென்றால் புள்ளிகளை மட்டும் போடுங்கள், வீதம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசைக்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.