மூன்று முறை டியூப் மாற்றியும் அதே சாக்கெட்டில் சிவக்கும் 15 வாட் கிட்டார் ஆம்ப்: இறுதிப் புகார்

அனுப்புநர்:
மதுரை வாடிக்கையாளர் (பெயர், ஆர்டர் எண், சீரியல் எண் ஆகியவை பில் நகலில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நாள்: 16.06.2025

பொருள்: 15 வாட் டியூப் (வெற்றிடக் குழாய்) காம்போ ஆம்ப்பில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வி5 சாக்கெட் கோளாறு, டியூப் விலையைத் திருப்பித் தருதல், உடன் விற்கப்பட்ட பெடல் பவர் சப்ளை (கிட்டார் எஃபெக்ட் பெடல்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றிய தவறான விளம்பரம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இது என் ஏழாவது மின்னஞ்சல். முந்தைய ஆறுக்கும் "உங்கள் கோரிக்கை தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அந்தப் பிரிவில் இருந்து இன்றுவரை ஒருவரும் பேசவில்லை. அதனால் இந்த முறை கோளாறு என்ன, எங்கே இருக்கிறது, ஏன் வருகிறது என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். உங்கள் சர்க்யூட் உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் இதுவரை சுருக்கமாக எழுதினேன்.

நவம்பர் 2024-ல் உங்கள் இணையதளத்திலேயே 74,500 ரூபாய் கட்டி வாங்கிய ஆம்ப் இது. பவர் பகுதியில் இரண்டு இஎல்84 டியூப் (சாக்கெட் வி4, வி5), முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 டியூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். ஆம்ப்பைப் போட்டுச் சுமார் 20 நிமிடம் வரை எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு இரைச்சல் ஏறுகிறது, சத்தம் சுருங்கிக் கரகரக்கிறது. பின்பக்கம் பார்த்தால் வி5 சாக்கெட்டில் இருக்கும் இஎல்84-இன் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் உலோகத் தகடு) சிவந்து கிடக்கிறது. அணைக்காமல் விட்டால் பியூஸ் போகிறது. பக்கத்தில் வி4-ல் இருக்கும் டியூப் ஒருநாளும் சிவந்ததில்லை.

ஜனவரி, மார்ச், மே என்று மூன்று முறை கூரியரில் அனுப்பினேன். மூன்று முறையும் நீங்கள் செய்தது ஒரே வேலை: டியூப் ஜோடியை மாற்றினீர்கள். "டியூப் தேய்மானப் பொருள், 90 நாள் வாரண்டி முடிந்துவிட்டது" என்று முறைக்கு 3,600 ரூபாய் வாங்கினீர்கள். மொத்தம் 10,800. ஜனவரியில் 90 நாளே ஆகவில்லையே என்று கேட்டதற்கு, அது பில் தேதியிலிருந்து இல்லை, கிடங்கிலிருந்து வெளியேறிய தேதியிலிருந்து என்றார்கள். வாரண்டி அட்டையில் அப்படி ஒரு வரி கிடையாது.

டியூப் கெட்டுப்போனது உண்மை. கெடுத்தது எது என்பதுதான் என் கேள்வி. நீங்கள் மார்ச் மாதம் போட்டு அனுப்பிய புது ஜோடியை வி4, வி5 இரண்டுக்கும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். டியூபில் கோளாறு என்றால் சிவப்பு டியூபோடு வி4-க்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, வி5-லேயே நின்றது. இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஐந்து மாதத்தில் உங்கள் சர்வீஸ் சென்டரில் இதை ஒருவர்கூடச் செய்யவில்லை.

இப்போது அளவுகள். சேசியை (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டி) நான் திறக்கவில்லை, உங்கள் சீல் அப்படியே இருக்கிறது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். டியூபுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் பொருத்தும் 9 பின் டெஸ்ட் அடாப்டரையும் பயாஸ் புரோப்பையும் (டியூபின் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து, ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கும்போது எடுத்த அளவுகள் இவை.

ஆம்ப் முழுதாகச் சூடாகும் முன்பு இரண்டு இஎல்84-இலும் பின் 2, அதாவது கிரிட் (இது பிளஸ் பக்கம் ஏறினால் டியூப் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும்), 0 வோல்ட். பின் 3, அதாவது கேத்தோடு (எலக்ட்ரான்கள் புறப்படும் முனை), 10.4 வோல்ட். இரண்டுக்கும் பொதுவான கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம். ஆகவே மொத்தம் 80 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 40. இது சரியான நிலை.

20 நிமிடம் கழித்து வி4 கிரிட் அதே 0 வோல்ட். வி5 கிரிட் பிளஸ் 5.8 வோல்ட். கேத்தோடு 12.8-க்கு ஏறிவிட்டது. மொத்த மின்னோட்டம் 98 மில்லி ஆம்பியர், அதில் வி4-க்கு 20, வி5-க்கு 78. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையில் 300 வோல்ட் இருக்கிறது. ஸ்கிரீன் கிரிட்டின் (டியூபின் இரண்டாவது கிரிட்) பங்கைக் கழித்தாலும் வி5 பிளேட்டில் 20 வாட்டுக்கு மேல் வெப்பமாகப் போகிறது. இஎல்84 பிளேட்டின் உச்ச வரம்பு 12 வாட். சிவக்காமல் என்ன செய்யும்?

கிரிட்டில் பிளஸ் வோல்ட் எங்கிருந்து வரும்? ஒன்று, டியூபுக்குள்ளேயே வாயு சேர்ந்து கிரிட் கரண்ட் ஓட வேண்டும். இல்லையென்றால் ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (இரண்டு பவர் டியூபுக்கும் எதிரெதிர் சிக்னலைப் பிரித்துத் தரும் பகுதி) கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கெப்பாசிட்டர், சிக்னலை மட்டும் விட்டுத் தடுக்க வேண்டிய டிசி-யைக் கசிய விட வேண்டும். எது என்று பிரித்துப் பார்ப்பதும் எளிது. வி5 டியூபைக் கழற்றிவிட்டுக் காலி சாக்கெட்டின் பின் 2-ஐ அளந்தேன். டியூபே இல்லாதபோதும் 5.5 வோல்ட் நிற்கிறது. டியூப் நிரபராதி. கசிவது அந்தக் கெப்பாசிட்டர்.

எவ்வளவு கசிகிறது என்ற கணக்கும் தருகிறேன். கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம், ஆம்ப்பை அணைத்துவிட்டு அளந்தேன். அதன் மேல் 5.8 வோல்ட் நிற்க சுமார் 26 மைக்ரோ ஆம்பியர் ஓட வேண்டும். மறுமுனையில் ஃபேஸ் இன்வெர்ட்டர் பிளேட் 210 வோல்ட். ஆகவே அந்தக் கெப்பாசிட்டர் சூட்டில் சுமார் 8 மெகா ஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்கிறது. நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு இது ஆயிரக்கணக்கான மெகா ஓம் இருக்க வேண்டும். இந்த இடத்தில் இருப்பது 50 ரூபாய்க்குள் வாங்கக்கூடிய 22 நானோ ஃபாரட், 630 வோல்ட் சரக்காகத்தான் இருக்கும். அதற்காக என்னிடம் 10,800 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

இது உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் உங்கள் ஜாப் ஷீட்டிலேயே இருக்கிறது. மூன்று ஷீட்டிலும் "5 நிமிடம் சோதிக்கப்பட்டது, ஓகே" என்று எழுதியிருக்கிறது. கசிவு சூடு ஏறினால்தான் வருகிறது. 5 நிமிடம் போட்டுப் பார்த்து ஓகே எழுதினால் இந்த ஆம்ப் ஆயிரம் முறை ஓகே ஆகும். ஆறு மின்னஞ்சலிலும் "20 நிமிடத்துக்குப் பிறகு" என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 21-ஆம் தேதி உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 42 நிமிடம் காத்திருக்க வைத்த பிறகு எடுத்தார். சாக்கெட் மாற்றிப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்ததுமே குறுக்கே விழுந்து, "சார், உங்க வீட்ல கரண்ட் சரியில்ல, எர்த் போடுங்க முதல்ல" என்றார். எர்த் எடுத்திருக்கிறேன், வோல்டேஜ் 224-க்கும் 236-க்கும் நடுவில்தான் நிற்கிறது, மூன்று வெவ்வேறு மண்டபத்திலும் இதே கோளாறு வந்தது என்றேன். அதற்கு அவர் சொன்ன வார்த்தை: "யூடியூப் பாத்துட்டு இப்ப எல்லாரும் இன்ஜினியர் ஆயிட்டீங்க." சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார். பேச்சு பதிவாகிறது என்று ஆரம்பத்திலேயே உங்கள் அறிவிப்பு சொல்கிறது. அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

எர்த் பிரச்சினை இல்லை என்பதற்கும் காரணம் தருகிறேன். எர்த் லூப்பால் (இரண்டு வழியாக எர்த் இணைவதால்) வரும் முனகல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். இந்த ஆம்ப்பின் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ரெக்டிஃபை செய்தால் (டிசி-யாக மாற்றினால்) சப்ளையில் மிஞ்சும் அலை 100. புஷ்-புல் ஆம்ப்பில் (இரண்டு பவர் டியூப் எதிரெதிராக உழைக்கும் அமைப்பு) இரண்டு டியூபும் சம அளவு இழுக்கும்வரை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் அந்த அலை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். ஒன்று 20, இன்னொன்று 78 இழுத்தால் மறையாது, காதில் விழும். கிட்டார் கேபிளைப் பிடுங்கிவிட்டு வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் இந்த இரைச்சல் குறையவில்லை. ஆகவே கிட்டார், பிக்கப், பெடல், கேபிள் எதற்கும் இதில் பங்கில்லை. இந்தச் சமமின்மை நீடித்தால் அடுத்து போகப்போவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அப்போது அதையும் தேய்மானப் பொருள் என்பீர்களா?

யூடியூப் பார்த்தவன் என்று சொன்ன அந்த ஆளால் பின் 2 எது, பின் 7 எது என்று சொல்ல முடியுமா? உங்கள் பொருளைப் பற்றிப் பேசச் சம்பளம் வாங்குகிறவர் அவர்.

மார்ச் 8. கூரியரில் அனுப்பினால் ஸ்பீக்கர் அதிரும், நேரில் கொண்டுவாருங்கள், டெக்னீஷியன் உங்கள் முன்னாலேயே பார்ப்பார் என்று உங்கள் ஆள் எழுதிய மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது. தேதியைக் குறித்ததும் அவர்தான். 18 கிலோ ஆம்ப்பை மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றி, எழும்பூரில் இறக்கி, ஆட்டோவில் உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தால் ஷட்டர் பூட்டியிருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை என்றார் வாட்ச்மேன். பொருளை வாங்கி வைக்க அவருக்கு அனுமதி இல்லையாம். அவர் மேல் தப்பில்லை, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தது அவர் ஒருவர்தான். கஸ்டமர் கேருக்கு 11 முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. இரவு ரயிலில் அதே 18 கிலோவைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இதற்கு இன்றுவரை ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. இரண்டு நாள், 900 கிலோமீட்டருக்கு மேல் பயணம், கையில் ஒரு ஜாப் ஷீட்கூட இல்லை.

பெடல் பவர் சப்ளை பற்றியும் இதிலேயே எழுதிவிடுகிறேன். ஆம்ப்போடு சேர்த்து வாங்கினால் சலுகை என்று கொடுத்தீர்கள். பெட்டியில் "8 அவுட்புட், தனித்தனி ஐசொலேட்டட்" என்று அச்சிட்டிருக்கிறது. அது உண்மையில்லை. எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு எந்த இரண்டு அவுட்புட்டின் நெகட்டிவையும் மல்டிமீட்டரில் கன்டினியுட்டி பார்த்தாலும் பீப் அடிக்கிறது, 0 ஓம். ஐசொலேட்டட் என்றால் ஒன்றுக்கொன்று தொடர்பே காட்டக்கூடாது. அதனால்தான் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் டிஜிட்டல் டிலே பெடலை ஓவர்டிரைவ் பெடலோடு சேர்த்துப் போட்டால் விசில் போலக் கீச்சென்று கேட்கிறது. டிலேயைத் தனி அடாப்டருக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது. எட்டு ஜாக் வைத்த ஒற்றை சப்ளையை ஐசொலேட்டட் என்று விற்பது தவறான விளம்பரம்.

இந்த ஆம்ப்பைத் தேர்ந்தெடுத்தது யோசிக்காமல் இல்லை. மேடையில் மைக் வைத்து வாசிக்கும் குழுவுக்கு 50 வாட் எடுத்தால் மாஸ்டர் வால்யூமை 2-க்கு மேல் ஏற்ற முடியாது, பவர் டியூப் உழைக்கும் சத்தமும் கிடைக்காது. அதற்கு 15 வாட்தான் சரி. வடிவமைப்பில் எனக்கு இன்றும் குறை இல்லை, முதல் இரண்டு மாதம் அருமையாக ஒலித்தது. அதனால்தான் இன்னும் பொறுமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பங்குனி, சித்திரைத் திருவிழாக் கச்சேரிக் காலம் முழுக்க நாசமாகிவிட்டது. ஒன்பது கச்சேரிக்குத் தலா 1,500 ரூபாய் கொடுத்து வாடகை ஆம்ப் எடுத்தோம். கைநழுவிப் போன நிகழ்ச்சிகள், குழுவின் பேர் கெட்டது, ரயில், ஆட்டோ, கூரியர், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் 3 லட்சத்துக்குக் குறையாது. எங்கள் பிழைப்பிலேயே மண் விழுந்துவிட்டது.

எனக்கு வேண்டியது இதுதான். வி4, வி5 இரண்டு பக்கக் கப்ளிங் கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டும், ஒன்று கசிந்தால் அதே லாட்டில் வந்த மற்றதையும் நம்ப முடியாது. அளவு மீறிச் சூடான கேத்தோடு ரெசிஸ்டரையும் அதோடு இணைந்த பைபாஸ் கெப்பாசிட்டரையும் சோதித்துத் தேவைப்பட்டால் மாற்றுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிச் சுற்றின் ஓம் அளவையும் எழுதித் தாருங்கள். பொருத்தமான புதிய இஎல்84 ஜோடியை இலவசமாகப் போட்டு, 230 வோல்ட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கிரிட் வோல்ட்டையும் கேத்தோடு வோல்ட்டையும் ஜாப் ஷீட்டில் குறியுங்கள். ஓகே என்ற ஒற்றைச் சொல்லை இனி ஏற்கமாட்டேன். டியூபுக்கு வாங்கிய 10,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பவர் சப்ளையை உண்மையிலேயே ஐசொலேட்டட் ஆன ஒன்றாக மாற்றுங்கள். ஆம்ப்பை எடுத்துப் போகவும் கொண்டுவந்து தரவும் ஏற்பாடு உங்களுடையது. இது முடியாதென்றால் 74,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த இணையதளத்தில் விற்கும் நிறுவனம் என்ற முறையில், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அலுவலர் இந்தப் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஜூலை 16 வரை காத்திருக்கிறேன். அதற்குள் தீராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். இந்த முறை மதுரைக்கு ரயில் ஏற வேண்டியது நீங்களாக இருக்கும்.

அந்த நிலை வராமல் சுமுகமாக முடிப்பீர்கள் என்றே இன்னும் எதிர்பார்க்கிறேன். சர்க்யூட் படிக்கத் தெரிந்த ஒருவரை மட்டும் என்னிடம் பேசச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவேன். மாலை 6 மணிக்கு மேல் அழைக்கலாம். ஏப்ரல் 21 அன்று பேசியவர் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்