3.6 என்றால் பாஸ் இல்லை

அன்புள்ள சேகர்,

பதில் தாமதம்தான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அயோவா மாநிலத்து கிரின்னெல் வீட்டுப் படங்கள் பார்த்தேன், அருமை. மீனாவுக்கு இவ்வளவு பெரிய சமையலறை கிடைத்தபின் உனக்கு இனி சாம்பார் பற்றிப் புலம்ப உரிமையில்லை.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, "ரேடான் 3.6, நாலுக்குக் கீழே, பாஸ்" என்று? முப்பத்தைந்து மார்க் வாங்கிவிட்டுக் குதிக்கிற பழக்கம் போகவேயில்லை உனக்கு. ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் கதிரியக்க வாயு, விளையாட்டல்ல. ஒரு லிட்டர் காற்றுக்கு நாலு பிக்கோகியூரி (கதிரியக்கத்தின் அலகு) என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை "கட்டாயம் சரிசெய்" என்று சொல்லும் அளவு. இரண்டைத் தாண்டினாலே யோசிக்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கோடு 2.7. உங்கள் அயோவாவில் 99 கவுன்டியும் (மாவட்டம் மாதிரி) அதிக ஆபத்து மண்டலம்தான். பனிப்பாறைகள் அரைத்துக் கொட்டிவிட்டுப் போன மண். அதிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடானாகிறது. புது வீடு, பயமில்லை என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதே. மண்ணுக்கு வீட்டின் வயது தெரியாது.

அந்த 3.6-ஐயும் நான் நம்பவில்லை. ஜூன் மாதம், ஜன்னலெல்லாம் திறந்து, ரேடானைப் பிடிக்கும் கரி அடைத்த டெஸ்ட் டப்பாவை வாஷிங் மெஷின் மேலே வைத்து எடுத்த கணக்கு அது! காற்றோட்டம் அளவைக் குறைக்கும், ஈரம் கரியைக் கெடுக்கும். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறும்போது வீடே கீழிருந்து மண்காற்றை உறிஞ்சும். அப்போதுதான் நிஜ எண் தெரியும்.

ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் மறுபடி செய். 12 மணி நேரம் முன்னாலேயே ஜன்னல்களைச் சாத்து, டெஸ்ட் முடியும்வரை திறக்காதே. வாசல் கதவு போக வர மட்டும். இரண்டு டப்பா வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வை, சராசரி எடு. பேஸ்மென்ட் படுக்கையறையில், தரையிலிருந்து 20 அங்குலம் மேலே, வெளிச்சுவரிலிருந்து ஓரடி, ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி. ஆரம்பித்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் எழுதி அன்றே ஆய்வகத்துக்குத் தபாலில் போடு. டப்பாவில் பிடிபட்ட ரேடானில் பாதி, ஏறக்குறைய மூன்றே முக்கால் நாளில் சிதைந்துவிடும். ஒரு வாரம் மேஜையில் கிடந்த டப்பா குப்பைக்குத்தான்.

எண் ஏறினால் விரிசலை மட்டும் பூசிவிட்டு உட்காராதே, அது போதாது. ரேடானைச் சரிசெய்ய மாநில உரிமம் உள்ளவரைக் கூப்பிடு. தரை கான்கிரீட்டில் துளை போட்டு, அடியில் ஒரு வாளி மண்ணை அள்ளிக் குழி செய்வார். அங்கிருந்து மண்காற்றை பிவிசி குழாய் வழியாக ஃபேன் உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும். ஃபேனை பேஸ்மென்டில் மாட்ட வந்தால் விடாதே. ஃபேனுக்கு மேலுள்ள குழாயில் கசிவு வந்தால் அவ்வளவும் வீட்டுக்குள்தான். பரணிலோ வெளியிலோ இருக்கட்டும். குழாய் சரிவாக இல்லையென்றால் குளிரில் நீர் தேங்கி அடைக்கும். குழாயில் ஒரு யு டியூப் மாட்டுவார்கள்: இரு பக்கத் திரவமும் ஒரே மட்டத்தில் நின்றால் ஃபேன் இழுக்கவில்லை என்று அர்த்தம். போட்டு ஒரு நாள் கழித்து, முப்பது நாளுக்குள் மறு டெஸ்ட்.

நச்சரிக்கிறேன் என்று நினைக்காதே. பிரவீண் பேஸ்மென்டில்தானே படுக்கிறான்? சிகரெட்டுக்கு அடுத்து நுரையீரல் புற்றுக்கு இதுதான் காரணம். நீ இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறாய். அந்த ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. விட்டுத் தொலையேன் அந்த சிகரெட்டை!

பேஸ்மென்ட் தரையில் தண்ணீர் சேர வெட்டியிருக்கும் சம்ப் குழிக்கு மூடி இருக்கிறதா, சும்மா திறந்து கிடக்கிறதா? போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்